பரணில் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாரை மீண்டும் வாசிக்கவைப்பது எப்படி?

இளமையில் உயிராக நினைத்து வாசித்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, இதில் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டார். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் கலிஃபோர்னியாவில் கொண்டுவந்த இந்த வடிவத்தைப் பின்பற்றி எண்ணற்ற நிறுவனங்கள் கிட்டார் செய்திருக்கின்றன. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களின் மேடைகளிலும் இந்த வடிவத்தை நிறையப் பார்த்திருப்பீர்கள். புதியவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நெக்கை, அதாவது விரல் பதிக்கும் நீளக் கழுத்தை, உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டியிருப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப்புகளும் அவற்றின் கம்பிகளும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்கும். ஒரு நட்சத்திரத் திருப்புளி இருந்தால் அரை மணி நேரத்தில் முழுக் கிட்டாரையும் மேசைமேல் பரப்பிவிடலாம்.

என் கிட்டார் 1992இல் வாங்கியது. சென்னையில் கடலுக்கு மிக அருகிலிருந்த வீட்டில் நான்கு வருடம் வாசித்தேன். அதன் பிறகு வேலை, திருமணம், வீடு மாற்றம் என்று அது மொட்டை மாடிக்குக் கீழே இருந்த பரணுக்குப் போய்விட்டது. இறக்கியபோது தந்திகள் பழுப்பேறி இற்றிருந்தன. கேபிள் செருகும் ஜாக் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் புதுக் கிட்டார் போல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை முதலில் எனக்கும் வந்தது. நல்லவேளையாக அதைக் கைவிட்டேன். வாசிக்கத் தடையாக இருப்பதைச் சரிசெய்வது, கண்ணுக்கு மட்டும் உறுத்துவதை அப்படியே விடுவது, எந்த மாற்றத்தைச் செய்தாலும் நாளை பழையபடி ஆக்கிக்கொள்ள முடிகிற விதத்தில் செய்வது என்ற கணக்கில்தான் எல்லா வேலையையும் செய்தேன். கீழே சொல்பவை அனைத்தும் அந்தக் கணக்குக்கு உட்பட்டவை.

திருப்புளியைத் தொடுவதற்கு முன்

முதலில் அது என்ன கிட்டார் என்று பாருங்கள். 1965இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன்பு ஃபெண்டர் செய்த கிட்டார்களின் சந்தை மதிப்பு, ஆதி வண்ணமும் ஆதி பற்றவைப்பும் கலையாமல் இருப்பதையே பெரிதும் சார்ந்தது. அமெரிக்காவிலிருந்து யாரோ உறவினர் கொண்டுவந்து தந்தது அப்படியொன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவுதான் என்றாலும், சந்தேகம் இருந்தால் எதையும் கழற்றாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இன்னொரு பக்கம், இந்தியத் தயாரிப்பு என்ற குறிப்பைக் கண்டதும் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையர் 1982இல் ஜப்பானில் தொடங்கியது; 1980களின் இறுதியில் ‘ஸ்குவையர் டூ’ என்ற பெயரில் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் ஒரு பகுதி இந்தியாவில்தான் செய்யப்பட்டது.

அடுத்ததாக, மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரைத் திறக்காமலே அதன் மின்சுற்றின் நாடியைப் பிடித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சாதாரணக் கிட்டார் கேபிளின் ஒரு முனையை ஜாக்கில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரின் இரு முனைகளை வைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து, 20 கிலோ ஓம் அளவில் படியுங்கள். சுவிட்ச் ஒரே ஒரு பிக்கப்பில் நிற்கும்போது சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டினால் அந்தப் பிக்கப் உயிரோடு இருக்கிறது. இரண்டு பிக்கப்புகள் சேரும் இடைநிலைகளில் ஏறக்குறைய அதில் பாதி காட்ட வேண்டும். 20 கிலோ ஓமைத் தாண்டிவிட்டது என்று மீட்டர் சொன்னால் அளவை 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். 250 கிலோ ஓமை ஒட்டி ஒரு எண் வந்தால் நீங்கள் படிப்பது வால்யூம் பாட்டை (குமிழுக்கு அடியில் இருக்கும், திருகினால் மின்தடை மாறும் பாகம்) மட்டுமே, பிக்கப்பின் சுருளோ அதற்கு வரும் கம்பியோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் வந்தால் எங்கேயோ ஷார்ட். சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் வந்த எண்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வேலை முடிந்த பின் மறுபடி படிக்கும்போது நீங்கள் எதையும் கெடுக்கவில்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

கழற்றுவதும் துடைப்பதும்

தந்திகளை ஒரேயடியாக வெட்டி எறியாதீர்கள். ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தளர்ந்த பின் வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். குறிப்பாகத் தகட்டைத் தூக்கியதும், எந்த நிறக் கம்பி எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்படி நான்கு கோணங்களில். திருகாணிகளில் நான்கைந்து நீளங்கள் உண்டு. நெக்குக்கு உரிய நீளத் திருகாணியை வேறிடத்தில் செருகினால் அது மரத்தைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வரும். நான் வீட்டிலிருந்த பல்லாங்குழிப் பலகையை எடுத்து, குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைத்தேன். அதைவிடப் பொருத்தமான கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

நெக்கைக் கழற்றியபோது அதன் குழியில் நான்காக மடித்த பழைய பல்லவன் பேருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. நான் வைத்ததுதான். தந்திகள் உடலில் வந்து உட்காரும் பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் தந்தி உயரமாகவே நின்றதால் நெக்கின் கோணத்தைச் சற்றுச் சாய்க்க யாரோ சொல்லிக்கொடுத்த வழி அது. வழி தவறல்ல, கிட்டார் தொழிற்சாலைகளே அப்படி மெல்லிய தகடுகளை வைத்ததுண்டு. ஆனால் காகிதம் ஈரத்தை உறிஞ்சி அமுங்கிப்போகும் என்பதால் அந்த இடத்தில் மரச் சீவல் வைப்பது நல்லது. நெக் குழியின் அகலத்துக்கு அரை மில்லிமீட்டர் கனமுள்ள மேப்பிள் சீவல் ஒன்றை வெட்டி வைத்தேன்.

தேய்ந்துபோன திருகாணித் துளைகள் பழைய கிட்டார்களில் சகஜம், அதிலும் வார் மாட்டும் இடத்தில். ஊதுபத்திக் குச்சியின் மருந்தை முழுதாகச் சுரண்டிவிட்டு, எஞ்சும் மூங்கிலில் மரப்பசையைத் தடவித் துளை நிறையுமளவுக்குச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிடுங்கள். திருகாணியை மறுபடி முடுக்கும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய புரியில் அது ‘டொக்’கென்று விழுவது கைக்குத் தெரியும். அங்கிருந்து முடுக்கினால் மரத்தில் புதுப் புரி விழாது.

துரு பிடிப்பது பெரும்பாலும் பிரிட்ஜில். தந்தியின் உயரத்தை மாற்றும் சிறு திருகாணிகளில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து இறுகிவிடும். பிரிட்ஜைத் தனியே கழற்றி, அந்தத் திருகாணிகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். இந்தத் திருகாணிகளுக்கு ஆசியத் தயாரிப்புகளில் 1.5 மி.மீ. ஆலன் கீயும், அமெரிக்கத் தயாரிப்புகளில் 0.05 அங்குல ஆலன் கீயும் வேண்டும். இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. பொருந்தாததைப் போட்டுத் திருகி ஒரு தலையை உருண்டையாக்கிவிட்டு, அந்த ஒரு திருகாணிக்காக மூன்று கடை ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கீ ஆடாமல் உட்கார்ந்தால் மட்டுமே திருகுங்கள்.

நெக்கின் முகப்பில், ஃப்ரெட்டுகள் எனும் உலோகக் கோடுகள் குறுக்கே பதித்த ஃப்ரெட்போர்டைச் சுத்தம் செய்யும் முன் அது என்ன மரம் என்று பார்க்க வேண்டும். வெளிர்நிற மேப்பிளுக்கு மேல் வார்னிஷ் இருந்தால் ஈரத்துணி போதும். கருத்த ரோஸ்வுட் என்றால், காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் ஃப்ரெட்டுகளின் ஓரத்தில் படிந்த அழுக்கை வழித்து, மிக நுண்ணிய நான்கு பூஜ்ய ஸ்டீல் வுல்லால் ஃப்ரெட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிட்டாருக்கென்று விற்கும் லெமன் ஆயிலை இரண்டு சொட்டு தடவித் துடைத்துவிடலாம். இந்தத் தேய்ப்பு நெக் தனியாக இருக்கும்போது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத் துகள் அத்தனையும் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் எங்கள் குழுவில் இருந்தது. நாளடைவில் பிசுக்கும் சிக்கு வாடையும்தான் மிஞ்சும். அதே தேங்காய் எண்ணெய், வண்ணம் பூசிய உடலில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரின் பசையை எடுக்க மட்டும் அருமையாக உதவும்.

மின்சுற்று

வால்யூமைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உடனே புதிய பாட் வாங்கப் போகாதீர்கள். கான்டாக்ட் கிளீனரைப் பாட்டின் சிறு திறப்பு வழியாக ஒருமுறை பீய்ச்சி, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருகுங்கள். சுவிட்சுக்கும் அதே வைத்தியம். பெரும்பாலான நேரம் அவ்வளவுதான் நோய். ஜாக்கின் பித்தளை நாக்கு தளர்ந்திருந்தால் சற்று உள்ளே வளைத்துவிடுங்கள்.

அறுந்த பிக்கப் வேறு கதை. அதில் சுற்றியிருப்பது 0.06 மி.மீ. அளவிலான, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. ஏழெட்டாயிரம் சுற்று இருக்கும். பலமுறை அது அறுவது சுருளின் முனை வெளிக்கம்பியோடு சேரும் இடத்தில்தான், ஈரம் அரிப்பதும் அங்கேதான். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அறுந்த நுனி வெளியே தெரிந்தால் எனாமலை மெல்லச் சுரண்டி மறுபடி பற்றவைக்கலாம். உள்ளே அறுந்திருந்தால் சுருளை மறுபடி சுற்றுபவரிடம் கொடுப்பதே முறை.

பற்றவைக்கப் பழகாதவர்கள் கிட்டாரில் பழக வேண்டாம். 40 வாட் சாலிடரிங் அயர்ன், நடுவில் ரெசின் உள்ள 60/40 ஈயக்கம்பி, கொஞ்சம் பழைய ஒயர் ஆகியவற்றை வாங்கி (சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும்), கழித்துப்போட்ட ரேடியோ பலகையில் ஒரு மாலை பழகுங்கள். சூடேற்ற வேண்டியது கம்பியையும் முனையையும். ஈயத்தை அயர்னில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் அது ஒட்டியது போலத் தோன்றிப் பிறகு விட்டுவிடும். பாட்டின் முதுகில் தரைக்கம்பியை (எர்த் கம்பியை) பற்றவைக்கும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டால் ஈயம் உடனே பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பான குறை இரைச்சல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அது ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். பிக்கப் குழிகளின் உட்புறத்திலும் தகட்டின் அடியிலும் செப்பு டேப் ஒட்டி, அதைத் தரையோடு இணைத்தால் டியூப்லைட், டிம்மர் போன்றவற்றிலிருந்து வரும் சடசடப்பு நன்றாகக் குறையும். முனகல் முழுதாகப் போகாது. டேப்பின் பசையும் மின்சாரம் கடத்துகிறதா என்று மீட்டரில் பார்த்து வாங்குங்கள். கடத்தாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும்.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது இயல்பு, பிரிட்ஜின் தரைக்கம்பி சரியாக இருக்கிறது என்று பொருள். தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இதோடு சேர்த்து ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் பாடும்போது மைக்கில் உதடு பட்டுச் ‘சுரீர்’ என்று இழுத்ததை மெல்லிசைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தந்திகள் தரையோடு இணைந்திருப்பதால் அந்த மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் போகும். சிரிக்கிற விஷயமில்லை.

எதை மாற்றலாம்

கிட்டாரைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வது என்றதும் புதுப் பிக்கப்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் அதைக் கடைசியில் வைப்பேன். நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளங்களில் பதியும் சிறு துண்டு, முதலிடம். பழைய பிளாஸ்டிக் நட்டில் தந்தி சிக்கி ‘டிங்’கென்று சத்தம் வந்து சுருதி தாவும், எலும்பில் செய்த நட் அதைத் தீர்க்கும், ஆனால் அதன் பள்ளங்களை அரத்தால் அறுப்பது கைப்பழக்கம் வேண்டும் வேலை, முதல் தடவை தெரிந்தவரிடம் விடுங்கள். அதுவரை பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்து வைக்கலாம். அடுத்து, சுருதிக் கீகள் தளர்ந்திருந்தால் அவை.

செலவே இல்லாத மாற்றங்களும் உண்டு. பழைய அமைப்பில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு டோன் கன்ட்ரோலே கிடையாது. அதனால்தான் அது காதைக் குத்துகிறது. சுவிட்சில் ஒரு சிறு கம்பியால் இரண்டு முனைகளை இணைத்தால் கீழ் டோன் குமிழ் அதற்கும் வேலை செய்யும். வால்யூமைக் குறைக்கும்போது சத்தம் மந்தமாவதைத் தடுக்க, பாட்டின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகப் போடலாம். இரண்டும் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும்; வேண்டாமென்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

எதை வாங்கும் முன்னும் அளந்து பாருங்கள். பிரிட்ஜில் ஆறாம் தந்திக்கும் (தடித்தது) முதல் தந்திக்கும் (மெல்லியது) இடையே பழைய அமெரிக்க அளவு சுமார் 56 மி.மீ.; பல ஆசியக் கிட்டார்களில் 52.5 மி.மீ. மட்டுமே. பாட்டின் தண்டு நுழையும் துளை, கீ நுழையும் துளை, உடலின் கனம் எல்லாமே இப்படி மாறுபடும். இரட்டைச் சுருள் ஹம்பக்கர் வேண்டுமென்று உளியை எடுத்து உடலைக் குடையாதீர்கள். ஒற்றைச் சுருளின் அளவிலேயே ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். என் டப்பாவில் அந்தப் பேருந்துச் சீட்டும் இருக்கிறது.

வண்ணம்

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வண்ணம் பெரும்பகுதி உதிர்ந்து மரம் தெரிய, கடைசிவரை அதைத்தான் வாசித்தார். மறுபூச்சு வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு அந்தப் படமே என் பதில். ஈரத்துணியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடைத்து, சிலிக்கான் கலக்காத கார் பாலிஷை மென்துணியால் தேய்த்தாலே பாதி இளமை திரும்பிவிடும்.

இல்லை, பூசியே தீர வேண்டும் என்றால், முதலில் நெக் குழியின் உள்ளே கண்ணில் படாத மூலையில் பஞ்சால் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அசையாவிட்டால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். 80, 90களின் விலை குறைந்த கிட்டார்களில் இருப்பது பெரும்பாலும் கல் போன்ற இந்தக் கனத்த பூச்சுதான். அதை மரம்வரை உரிக்கத் தேவையில்லை. 320 எண் உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, அதன் மேலேயே பூசலாம். பூசும் வேலையைக் கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறையில் கொடுங்கள். அவர்கள் பயன்படுத்தும் டூ-கே பூச்சின் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு மிகக் கெடுதல், வீட்டு மாடியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற சரக்கு அல்ல. நெக் குழிக்குள் பூச்சு இறங்காதபடி டேப் ஒட்டிக் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் நெக் உள்ளே போகாது.

செட்டப்

எல்லாவற்றையும் பூட்டி, 9 முதல் 42 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கனம்) புதுத் தந்திகளை மாட்டி, ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று சுருதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால், பின்புற ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகாணிகளை முடுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்காரும்படி செய்துவிடுங்கள். புதியவருக்குப் பாதித் தலைவலி குறையும். பின்வரும் நான்கு வேலைகளையும் இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே சுருதியை மீண்டும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். வரிசை மாறினால் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

நெக்கின் வளைவு முதலில். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, நெக் உடலைச் சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்தினால், அந்தத் தந்தியே ஒரு நேர்கோல் ஆகிவிடும். எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் நடுவே 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜின் இதழைச் செருகிப் பார்த்தால் போதும். இடைவெளி அதிகமென்றால், நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடின் திருகை வலஞ்சுழியாக, குறைவென்றால் இடஞ்சுழியாக, ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். பழங்கால அமைப்பில் இந்தத் திருகு நெக்கின் அடியில் இருக்கும்; அதற்கு நெக்கைக் கழற்ற வேண்டிவரும். திரும்ப மறுத்தாலோ முறுகும் சத்தம் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். டிரஸ் ராட் உடைந்தால் நெக் போனது போலத்தான்.

அடுத்தது தந்தியின் உயரம். கேப்போவை எடுத்துவிட்டு, 17ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை 1.6 மி.மீ. வைப்பது ஃபெண்டரின் வழக்கமான அளவு. பழைய ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்து தந்தி அதிர்ந்தால் 2 மி.மீ. வரை ஏற்றலாம். அப்போதும் ஒரே இடத்தில் அதிர்ந்தால், மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் ஏ.டி.எம். அட்டையின் விளிம்பை நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சல் போல ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. அதை மட்டப்படுத்துவதைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

மூன்றாவதாக, 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் அந்தத் தந்தியின் சேடிலை (பிரிட்ஜில் அது உட்காரும் சிறு துண்டை) பின்னுக்கு இழுங்கள். இறங்கியிருந்தால் நெக்கை நோக்கித் தள்ளுங்கள். கடைசியாகப் பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்திய நிலையில் காந்தத்தின் தலைக்கும் தந்திக்கும் ஆறாம் தந்திப் பக்கம் 2 மி.மீ., முதல் தந்திப் பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்கிக் காதைக் கொண்டு சரிசெய்யுங்கள். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, தடித்த தந்தியின் மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் நடுங்கும். பிக்கப் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

இனி இது பரணுக்குப் போகக் கூடாது. கான்கிரீட் கூரைக்குக் கீழே கோடையில் தேங்கும் வெப்பம் மரத்தையும் பசையையும் சேர்த்துக் கெடுக்கும். பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் அடியும் மேலுமாக ஒருமுறை இழுத்துத் துடைத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஃபீலர் கேஜை மறுபடி எடுத்து எட்டாம் ஃப்ரெட்டில் பாருங்கள். புதிய இழுவைக்கு நெக் பழகச் சில நாள் எடுக்கும். பிறகு ஐப்பசி மழையில் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை. என் கிட்டாரில் அந்த இடைவெளி 0.25க்கும் 0.35க்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. மூன்று வருடத்தில் டிரஸ் ராடை இரண்டே தடவைதான் தொட்டிருக்கிறேன்.